எஞ்சினை விலை பேசுவதற்கு முன் படகைத் தட்டிப் பாருங்கள்

தலவாக்கலைக்கு அருகிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அவரது பெயரும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. அவருடைய தந்தை தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசகர் வளைகுடா நாடொன்றில் ஹோட்டல் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, உல்லாசப் பயணிகளுக்கான சிறிய விடுதி ஒன்றை நடத்துகிறார். கடலில் தூண்டில் போட விரும்பும் பயணிகளை வழி சொல்லத் தெரியாமல் அனுப்பி வைப்பது அவருக்கு நெடுநாள் மனக்குறை. இந்த நிலையில் திருகோணமலையிலுள்ள மைத்துனர் ஒரு படகைக் கண்டுபிடித்திருக்கிறார். அது 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கட்டப்பட்ட, 38 அடி நீளமான, பைபர் கிளாஸ் உடல் கொண்ட விளையாட்டு மீன்பிடிப் படகு. தலா 300 குதிரைவலு கொண்ட இரண்டு டெட்ரொயிட் டீசல் எஞ்சின்களில் ஒன்று இறுகிவிட்டது. மற்றது கறுப்புப் புகை கக்குகிறது. படகு சில வருடங்களாகத் தார்ப்பாய் மூடிக் கரையில் நிற்கிறது. உரிமையாளர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துப் படகைக் கைமாற்ற ஆயத்தமாக இருக்கிறார்.

கொழுந்து லொறிகளைத் திருத்தும் ஹட்டன் மெக்கானிக் ஒருவர், இரண்டு லொறி எஞ்சின்களைப் பூட்டினால் காரியம் முடிந்தது என்கிறார். மைத்துனரோ இரு மடங்கு குதிரைவலு கொண்ட புதிய எஞ்சின்களை இறக்குமதி செய்தால் படகு இரு மடங்கு வேகத்தில் ஓடும், பயணிகள் தேடி வருவார்கள் என்கிறார். விடுதியை வங்கியில் ஈடு வைக்கவும், தந்தையின் சேமலாப நிதிப் பணத்தைச் சேர்க்கவும் வாசகர் யோசிக்கிறார். "பைபர் கிளாஸ் உக்காதுதானே ஐயா, எஞ்சினை மட்டும் மாற்றினால் போதுமல்லவா? எந்த எஞ்சின் நல்லது?" என்று கேட்கிறார்.

அன்பின் சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை ஆறுதலாக வாசித்தேன். உங்கள் திட்டத்தின் அடிப்படையில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மே மாதம் தொடக்கம் தென்மேல் பருவமழை உங்கள் பக்கத்து மலைகளில் கொட்டித் தீர்க்கும் மாதங்களில்தான் திருகோணமலைக் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கிய பிறகே அங்கே கடல் கொந்தளிக்கும். ஆகவே விடுதியில் ஆள் குறையும் காலத்தில் படகு உழைக்கும் என்ற உங்கள் கணக்கு பிழையானதல்ல. ஆனால் "எந்த எஞ்சின் நல்லது" என்பது இந்தக் காரியத்தில் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு கடல்சார் பொறியியலாளர் என்ற முறையில், அதற்கு முன்னால் நீங்கள் தெளிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறேன்.

பைபர் கிளாஸ் உக்காது என்ற நம்பிக்கை

கண்ணாடி இழையும் ரெசினும் உக்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் மேல்தளத்தின் உள்ளேயும், பின்சுவரின் உள்ளேயும், அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்கு சட்டங்களின் உள்ளேயும் ஒட்டுப்பலகையோ பால்சா மரமோ வைத்து மேலே பைபர் பூசியிருப்பார்கள். மீன்பிடி நாற்காலியின் அடித்தகடு, தூண்டில் தாங்கி, கைப்பிடிக் கம்பி என்று ஒவ்வொன்றுக்கும் துளையிட்ட இடங்களில் அடைப்புப் பசை காலப்போக்கில் விட்டுப்போகும். அந்தத் துளைகள் வழியே இறங்கும் நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி மரத்தைக் கூழாக்கிவிடும். வெளியே பார்த்தால் வர்ணம் பளபளக்கும்.

இதை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். பிளாஸ்டிக் தலை கொண்ட சிறிய சுத்தியல் ஒன்றை எடுத்து, பின்தளத்தில் ஒரு சாண் இடைவெளியில் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் "டொக்" என்று கூர்மையான ஓசை எழும்பும். பைபரும் மரமும் பிரிந்த இடத்தில் ஓசை மங்கி "தொப்" என்று விழும். அப்படி விழுந்த இடங்களைச் சோக்குக்கட்டியால் வட்டமிட்டால், அரை மணி நேரத்தில் தளத்தின் நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். எஞ்சின் அமர்ந்திருக்கும் தாங்கு சட்டங்களுக்கு இது போதாது. உரிமையாளரின் சம்மதத்துடன் அவற்றின் உட்பக்கத்தில், அடிப்பாகத்தை ஒட்டிச் சிறு துளையிட்டுப் பார்க்க வேண்டும். துரப்பணத்தோடு வெளிறிய உலர்ந்த மரத்தூள் வந்தால் நிம்மதி. தேயிலைச் சாயம் போன்ற நீரோ, ஈரமான கறுத்த நாரோ வந்தால், அந்தச் சட்டத்தில் எந்த எஞ்சினையும் நம்பி அமர்த்த முடியாது. ஆணிகள் பிடிக்காது, பிடித்தாலும், எஞ்சினுக்கும் புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாப்டுக்கும் இடையிலான நேர்க்கோடு நிலைக்காது.

படகு நீண்ட காலம் கரையில் நிற்பதை ஒரு நல்ல விடயமாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அடிப்பாகத்தில் இருந்த நீர்க்கொப்புளங்கள் வெயிலில் உலர்ந்து அடங்கிப்போய், கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் ஈரமானி வைத்து அளக்கத் தெரிந்த, விற்பவரோடு தொடர்பில்லாத ஆய்வாளர் ஒருவரை உங்கள் செலவில் அழைத்துச் செல்லும்படி வற்புறுத்துகிறேன். எரிபொருள் தாங்கிகளையும் அவர் பார்க்க வேண்டும். அலுமினியத் தாங்கிகளைச் சுற்றி நுரை அடைத்திருந்தால், அந்த நுரையில் தேங்கிய உப்புநீர் தாங்கியை வெளியிலிருந்து அரித்திருக்கும். அவற்றை மாற்றப் பின்தளத்தையே வெட்ட வேண்டியிருக்கும் என்பதால், எஞ்சின்கள் வெளியே இருக்கும்போதே அந்த வேலையை முடிப்பதுதான் சிக்கனம்.

தளத்தில் மட்டும் பழுது என்றால் திருத்தலாம். விலையைக் குறைத்துப் பேசுங்கள். தாங்கு சட்டங்களும் குறுக்குச் சுவர்களும் ஊறியிருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறுங்கள்.

உரிமையாளரின் கடிதம் போதுமா?

போதாது. அமெரிக்காவில் 1972 நவம்பர் மாதத்துக்குப் பிறகு கட்டப்பட்ட படகுகளின் பின்சுவரில், வலது பக்க மேல்மூலையில் 12 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட உடல் அடையாள எண் பதிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணும் பதிவுச் சான்றிதழிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அதைவிட முக்கியமானது, படகு இந்த நாட்டுக்குள் வந்தபோது சுங்கத் தீர்வை செலுத்தப்பட்டதற்கான பிரகடனப் பத்திரம். தீர்வை செலுத்தாமல் தங்கிவிட்ட படகு என்றால், அதைச் சுங்கத் திணைக்களம் பறிமுதல் செய்யக்கூடிய ஆபத்து உங்கள் தலையில் விழும்.

படகு நிற்கும் இடத்துக்கு வாடகை பாக்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள். திருத்தியவரும் பாதுகாத்தவரும் தமது பணம் கிடைக்கும் வரை பொருளைத் தம்வசம் வைத்திருக்கும் உரிமையை நமது பொதுச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. மாலுமிகளின் சம்பள பாக்கி போன்ற சில கடப்பாடுகள் உரிமையாளர் மாறினாலும் படகோடு தொடரும். 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கக் கடல்சார் நியாயாதிக்கச் சட்டத்தின் கீழ் படகையே தடுத்து வைக்க நீதிமன்றத்தால் முடியும். ஆகவே ஒரு சட்டத்தரணியைக் கொண்டு, கடன் எதுவும் இல்லை என்ற உறுதியுரையுடன் விற்பனைப் பத்திரம் எழுதுவியுங்கள்.

கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றப் போகிறீர்கள் என்பதால், வணிகக் கப்பற்றுறைச் செயலகத்திலும் கடற்றொழில் திணைக்களத்திலும் உங்கள் நோக்கத்தைத் தெளிவாக எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். மீன்பிடிப் படகுகளின் பதிவும் அனுமதியும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எஞ்சின் மாறியதும் பதிவிலும் காப்புறுதியிலும் அதைத் திருத்துவிக்க மறக்க வேண்டாம்.

இரு மடங்கு வலு, இரு மடங்கு வேகமா?

இந்த இடத்தில் உங்கள் மைத்துனரின் கணக்கைத் திருத்தியே ஆக வேண்டும். நீர்மேல் எழும்பி ஓடும் படகின் வேகம் குதிரைவலுவின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். இப்போதுள்ள 600 குதிரைவலுவில், ஏறத்தாழ 12 தொன் எடையுள்ள உங்கள் படகு நல்ல நிலையில் 25 நொட் (மணிக்கு 25 கடல் மைல்) ஓடியது என்று வைத்துக்கொண்டால், 1,200 குதிரைவலுவில் 35 நொட்தான் கிடைக்கும். பெரிய எஞ்சின்களின் எடை அதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். எரிபொருள் அப்படியல்ல. டீசல் எஞ்சின் ஒரு குதிரைவலுவை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறத்தாழ 0.19 லீற்றர் டீசல் குடிக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. முழு வலுவில் 600 குதிரைவலு என்றால் மணிக்கு 114 லீற்றர். 1,200 என்றால் 228 லீற்றர். இந்த இரண்டு எண்களையும் இன்றைய டீசல் விலையால் பெருக்கி, ஒரு பயணியிடம் எவ்வளவு கேட்க முடியும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதோடு, திருகோணமலையில் அந்த வேகம் உங்களுக்குத் தேவையே இல்லை. உலகின் பல இடங்களில் இத்தகைய படகுகளுக்குப் பெரிய எஞ்சின் வைப்பதற்குக் காரணம், மீன் நிற்கும் ஆழ்கடல் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதுதான். திருகோணமலையிலோ கடலடிப் பள்ளத்தாக்கு கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தொடங்குகிறது. துறைமுக வாயிலைத் தாண்டியதும் ஆழம் வந்துவிடுகிறது. (உங்கள் ஊர் வழியே ஓடும் கொத்மலை ஓயாவின் நீர் மகாவலியில் சேர்ந்து கடைசியில் அந்தக் குடாவில்தான் விழுகிறது.) அறுக்குளாவுக்கோ சூரைக்கோ தளப்பத்துக்கோ தூண்டிலை இழுத்துச் செல்லும் வேகம் பெரும்பாலும் 6 முதல் 9 நொட் வரைதான்.

அப்படியானால் மிகச் சிறிய எஞ்சின் போதும் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. நீர்க்கோட்டு நீளம், அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளம், 33 அடி என்று கொண்டால், இந்தப் படகு எழும்பாமல் மிதந்து போகக்கூடிய வேகம் 7.7 நொட் அளவில் நின்றுவிடும். படகு உழைக்கும் மே முதலான அந்த மாதங்களில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். பிற்பகலில் அது வலுத்தால் கரை திரும்பும் உங்களுக்கு எதிர்க்காற்றாகிவிடும். பயணிகளை ஏற்றிய படகுக்கு அந்த நேரத்தில் கையிருப்பில் வலு வேண்டும். பழைய அளவை ஒத்த, அதாவது ஒவ்வொன்றும் 250 முதல் 300 குதிரைவலு வரையான இரண்டு எஞ்சின்கள்தான் இந்தப் படகுக்கும் இந்தக் கடலுக்கும் பொருத்தம் என்பது என் முடிவு.

லொறி எஞ்சினா, பழைய எஞ்சினா, புதிய எஞ்சினா?

ஹட்டன் மெக்கானிக்கின் கைத்திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மலைப்பாதையில் லொறிகளை ஓட வைத்திருப்பவர்கள் எஞ்சினின் மூச்சை அறிந்தவர்கள். ஆனால் லொறி எஞ்சின் ஏற்றத்தில் திணறினாலும் இறக்கத்தில் இளைப்பாறுகிறது. எழும்பி ஓடும் படகில் பூட்டிய எஞ்சினோ, இறக்கமே இல்லாத றம்பொடை ஏற்றத்தில் மணிக்கணக்காகப் பாரம் இழுக்கும் லொறிக்குச் சமம். அதன் குளிர்விப்பு முழுவதும் கடல்நீர் வெப்பமாற்றியை நம்பியே இருக்கும். புகைபோக்கியின் அடிக்குழலைச் சுற்றி நீருறை இல்லாவிட்டால் மூடிய எஞ்சின் அறையில் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. படகில் எஞ்சின் சாய்வாக அமர்வதால் எண்ணெய்த் தொட்டியும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். கடலுக்குரிய கியர் பெட்டியும் வேண்டும். இவை எல்லாவற்றையும் சேர்த்த பிறகு லொறி எஞ்சின் மலிவாக இருப்பதில்லை. காப்புறுதி நிறுவனமும் ஆய்வாளரும் ஏற்பார்களா என்ற கேள்வியும் மிஞ்சும். பயணிகளை ஏற்றும் படகுக்கு இந்த வழி வேண்டாம்.

புதிய எஞ்சின்கள் எடை குறைந்தவை, சத்தமும் புகையும் குறைந்தவை, டீசலும் கணிசமாகக் குறைவாகக் குடிப்பவை. ஆனால் இந்த அளவில் கியர் பெட்டிகளோடு இரண்டு எஞ்சின்கள் என்றால், தீர்வைக்கு முன்பே ஒரு இலட்சம் டொலரை எட்டிவிடும். அதாவது மூன்று கோடி ரூபாய்க்குக் கிட்ட. இறக்குமதியை யோசிப்பதானால், கடல் உந்துவிசை டீசல் எஞ்சின்களுக்குரிய 8408.10 என்ற சுங்கத் தலைப்பின் கீழ் வரும் எல்லா வரிகளையும் ஒரு சுங்க முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. விளம்பரங்களில் காட்டும் உயர்ந்த குதிரைவலு பெரும்பாலும் சொந்தப் பொழுதுபோக்குப் பாவனைக்கான தரப்படுத்தல். அத்தகைய எஞ்சினை வாடகைப் படகில் பூட்டினால் உத்தரவாதம் செல்லாது போகலாம். வருமானத்துக்காக ஓடும் படகு என்று தொடக்கத்திலேயே சொல்லி, அதற்குரிய, குதிரைவலு குறைந்த தரப்படுத்தலையே கேளுங்கள். இலத்திரனியல் எஞ்சின்களில் எரிபொருள் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்வதால், டீசலில் சிறிதளவு நீர் கலந்திருந்தாலும் இன்ஜெக்டர்கள் பாழாகும். பருவம் நடுவில் கோளாறு வந்தால், கணினியோடு கொழும்பிலிருந்து ஆள் வரும் வரை படகு கரையில்தான்.

மிஞ்சுவது பழைய எஞ்சின்களைப் புதுப்பிப்பது. உங்கள் எஞ்சின்கள் 1938 முதல் வந்த டெட்ரொயிட் 71 வரிசையைச் சேர்ந்தவையானால், அது ஒவ்வொரு சிலிண்டரின் உட்குழலையும் தனித்தனியாக மாற்றக்கூடிய அமைப்பு. படகுக்குள் வைத்தே பெரும்பகுதி வேலையைச் செய்யலாம். உதிரிப்பாகங்களை இன்றும் வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம். எண்ணெய் கசியும், சத்தம் அதிகம், பசியும் அதிகம். ஆயினும் உங்கள் கையிருப்புக்கு எட்டும் வழி இதுதான், அதுவும் இறுகிய எஞ்சினின் கிராங்க் ஷாப்ட் உயிரோடு இருந்தால்.

அந்த எஞ்சின் ஏன் இறுகியது என்பதைக் கண்டுபிடிக்காமல் எதையும் தொட வேண்டாம். இத்தகைய படகுகளில் எஞ்சின் சாவதற்கு அடிக்கடி காரணமாவது, புகைக்குழாய் நீர்மட்டத்துக்கு மேல் போதிய உயரம் ஏறாமல் இருப்பதால் கடல்நீர் பின்னோக்கி உள்ளே இறங்குவது. அதே குழாயில் மூன்று கோடி ரூபாய் எஞ்சினைப் பூட்டினாலும் அதே கதிதான். மற்ற எஞ்சினின் கறுப்புப் புகைக்கு இன்ஜெக்டர் தேய்மானமும் காரணமாகலாம், காற்றுக் குறைவும் காரணமாகலாம், பாரம் கூடிய புரொப்பெல்லரும் காரணமாகலாம்.

பட்டியலில் வராத செலவுகள்

எஞ்சினை மாற்றினால் அதன் சுழற்சி வேகம் மாறும். அதற்கேற்பக் கியர் விகிதம் மாறும். புரொப்பெல்லரின் விட்டமும் சரிவும் மாறும். ஷாப்டின் மேல் முறுக்குவிசை கூடினால் ஷாப்டும் தடிக்க வேண்டும், அதைத் தாங்கும் புஷ்களும் மாற வேண்டும். குழாய், வயர், வடிகட்டி, கூலி எல்லாம் சேர்ந்து எஞ்சின் விலைக்குக் கிட்ட வந்து நிற்பது அபூர்வமல்ல. இவற்றுக்கு மேல் கால்பங்கு தொகையை எதிர்பாராத செலவுக்கென ஒதுக்க வேண்டும்.

வேலை முடிந்ததற்கு அடையாளம் எஞ்சின் உறுமுவதல்ல. படகைக் கடலில் இறக்கி, உடல் தன் நிலைக்கு வந்த பிறகு, எஞ்சினையும் ஷாப்டையும் இணைக்கும் இரண்டு தட்டுகளின் இடைவெளியை மெல்லிய தகடு அளவியால் நான்கு பக்கமும் அளக்க வேண்டும். ஐந்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் 0.13 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கரையில் வைத்து அளந்த அளவை நம்ப வேண்டாம். பின்னர் தாங்கிகள் நிறைய, ஆட்களையும் ஏற்றி முழு வேகத்தில் ஓட்டும்போது எஞ்சின் தன் தகட்டில் எழுதியுள்ள சுழற்சியை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் புரொப்பெல்லர் அதை நெரிக்கிறது என்று பொருள். இறுதித் தவணைப் பணத்தை இந்த இரண்டு சோதனைகளுக்குப் பிறகே கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பயணிகளை ஏற்றும் இன்ன படகுக்காக வாங்குகிறேன் என்பதையும் எழுத்தில் குறிப்பிடுங்கள். நோக்கத்தைத் தெரிவித்து, விற்பவரின் அறிவை நம்பி வாங்கிய பொருள் அந்த நோக்கத்துக்கு உதவாவிட்டால், 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும்.

விடுதியையும் தந்தையின் பணத்தையும் பற்றி

நீங்கள் கேட்காததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது வருமானம் தரும் ஒரே சொத்து விடுதிதான். வருடத்தில் சில மாதங்கள் மட்டுமே உழைக்கக்கூடிய, இன்னும் ஆய்வு செய்யப்படாத ஒரு படகுக்காக அதை ஈடு வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். தந்தையின் சேமலாப நிதி அவர் காலமெல்லாம் தோட்டத்தில் உழைத்து முதுமைக்கென்று சேர்த்தது. அவர் மனமுவந்து நீட்டினாலும் நீங்கள் வாங்காமல் இருப்பதே நல்லது. வரும் பருவத்தில் திருகோணமலையில் ஏற்கெனவே அனுமதியோடு ஓடும் படகுக்காரர் ஒருவரோடு பேசி, உங்கள் விடுதிப் பயணிகளைத் தரகுக்கு அனுப்பிப் பாருங்கள். எத்தனை பேர் உண்மையில் காசு கொடுத்துப் போகிறார்கள் என்பது தெரிந்தால், எவ்வளவு பெரிய எஞ்சினை உங்களால் தாங்க முடியும் என்பதும் தெரிந்துவிடும். அதற்குள் அந்தப் படகு வேறு கைக்குப் போனாலும் கவலைப்பட வேண்டாம். எஞ்சின் இறுகிக் கரையில் நிற்கும் படகை வாங்க ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை.

ஆய்வாளரின் அறிக்கை கைக்கு வரும் வரை முற்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். அறிக்கை சாதகமாக இருந்தால், கியர் பெட்டியின் தகட்டிலுள்ள விகிதம், ஷாப்டின் விட்டம், புரொப்பெல்லரின் நடுக்குமிழில் பொறித்திருக்கும் இரண்டு எண்கள் ஆகியவற்றைக் குறித்து, எஞ்சின் அறையின் சில படங்களோடு எனக்கு அனுப்பி வையுங்கள். இந்தப் படகுக்கு வேண்டிய வலுவை அப்போது சரியாகக் கணக்கிட்டு எழுதுகிறேன்.